செயற்கைக்காலும் நரம்பு வலியும்: மறுவாழ்வுப் பணியில் விடுபட்டதொரு கண்ணி

கை கால்களை இழந்தோருக்குச் செயற்கை உறுப்புகளை வழங்கும் பணியில் நமது நாடு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்காக 1944ஆம் ஆண்டில் புனேயில் செயற்கை உறுப்பு மையம் நிறுவப்பட்டது. 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் இணைந்து உருவாக்கிய 'ஜெய்ப்பூர் கால்', வெறுங்காலுடன் நடக்கவும் சம்மணமிட்டு அமரவும் குந்தி உட்காரவும் பழகிய இந்திய மக்களின் வாழ்க்கை முறைக்கு ஏற்றதாக அமைந்தது. 1972இல் கான்பூரில் செயற்கை உறுப்பு உற்பத்திக்கழகமும், 1975இல் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியும் தோன்றின. 1981 முதல் உதவிக்கருவிகள் வாங்குவதற்கும் பொருத்துவதற்குமான மத்திய அரசின் திட்டம் செயற்பட்டு வருகிறது.

எத்தனை பேருக்கு உறுப்பு வழங்கப்பட்டது என்பதை இத்தகைய பணிகளின் அளவுகோலாகக் கொள்வது இயல்பே. ஆயினும், வழங்கப்பட்ட உறுப்பு நாள்தோறும் அணியப்படுகிறதா என்பதே மறுவாழ்வின் உண்மையான அளவுகோல் ஆகும். அணியப்படாமல் வீட்டு மூலையில் கிடக்கும் செயற்கைக்காலுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எடை கூடுதலாக இருக்கலாம். அளவு பொருந்தாமல் போயிருக்கலாம். பழுது பார்க்கும் இடம் தொலைவில் இருக்கலாம். இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியதும், பெரும்பாலும் எவரும் கேட்டறியாததுமான காரணம் ஒன்று உண்டு. அது நரம்பு வலி. உறுப்பு நீக்க அறுவைக்குப் பின் நரம்புகளால் விளையும் தொல்லைகள் யாவை, அவற்றை எவ்வாறு இனங்காணலாம், குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்பனவற்றை இங்குக் காண்போம்.

பிரச்சினையின் பரப்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் 54 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இயக்கக் குறைபாடு உடையவர்கள். இளம்பிள்ளை வாதம் போன்ற பிற காரணங்களால் பாதிக்கப்பட்டோரும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். உறுப்பு நீக்கத்துக்கு ஆளாவோர் இதில் ஒரு பகுதியினரே. சாலை, இரயில் விபத்துகளும், ஆலைகளிலும் வயல்களிலும் எந்திரங்களால் நேரும் காயங்களும் இளம் வயதினரின் உறுப்புகளைப் பறிக்கின்றன. முதியோரிடையே நீரிழிவும் இரத்தக்குழாய் அடைப்பும் முதன்மைக் காரணங்களாக உள்ளன.

இவற்றுள் நீரிழிவு தனிக்கவனத்துக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருந்ததாக மதிப்பிட்டது. நீரிழிவு, கால் நரம்புகளைச் சிதைத்து உணர்வை மங்கச் செய்கிறது. காலில் முள் தைத்தாலும் செருப்பு கடித்தாலும் நோயாளி அறிவதில்லை. புண் ஆழமாகிக் காலையே இழக்க நேரிடுகிறது. இவ்வாறு நரம்புக்கேட்டால் காலை இழந்தவர், அறுவைக்குப் பின்னும் நரம்பின் தொல்லைக்கே ஆளாகக்கூடும்.

வெட்டுண்ட நரம்பின் செயல்

நரம்பு என்பது நுண்ணிய இழைகள் பல சேர்ந்த கற்றை ஆகும். அது வெட்டுண்டால், வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி அழிந்துபடும். முதுகுத்தண்டோடு இணைந்துள்ள பகுதியோ அழிவதில்லை. அதன் முனையிலிருந்து புதிய இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, இழந்த வழியைத் தேடிச் செல்ல முயல்கின்றன. காயமுற்ற நரம்பு மீண்டும் தைக்கப்படும்போது இந்த வளர்ச்சியே உணர்வு திரும்புவதற்கு உதவுகிறது. ஆனால் உறுப்பு நீக்கப்பட்ட இடத்தில் அவை சென்றடைய உறுப்பு இல்லை. வழியறியாத இழைகள் தழும்புத்திசுவுடன் பின்னிச் சிக்கி ஒரு முடிச்சாகத் திரள்கின்றன. இதனையே மருத்துவர்கள் நியூரோமா என்பர்.

வெட்டப்பட்ட ஒவ்வொரு நரம்பின் முனையிலும் இத்தகைய முடிச்சு தோன்றுவது இயற்கை. அவற்றுள் பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை. முடிச்சு தோலுக்கு அருகிலோ, தழும்பினுள் ஒட்டியோ, எலும்பு முனையின் மேலோ, செயற்கை உறுப்பின் சாக்கெட் அழுத்தும் இடத்திலோ அமையும்போதுதான் இடர் எழுகிறது. அவ்விடத்தை விரலால் தட்டினால் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீரென்ற வலி தோன்றும். இல்லாத பாதத்தை நோக்கியும் அது ஓடும். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இவ்வலி எழுமாயின், அந்தக் காலை எவரும் நெடுநேரம் அணிந்திருக்க இயலாது என்பது வெளிப்படை.

மாய உறுப்பு

நியூரோமா வலி, எஞ்சியுள்ள உறுப்பில் எழுவது. இதனின்றும் வேறுபட்டது மாய உறுப்பு வலி. நீக்கப்பட்ட கை அல்லது கால் இன்னும் உடலோடு இருப்பதாகவே பெரும்பாலோர் உணர்கின்றனர். விரல்கள் அசைவதாகவும், பாதம் அரிப்பதாகவும் தோன்றுவதுண்டு. இரவில் தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றி எழுந்து விழுந்தவர்களும் உண்டு. இவ்வுணர்வு நோயன்று. ஆனால் அவ்வில்லாத உறுப்பில் எரிச்சலும், குத்தலும், தசைப்பிடிப்பும், விரல்கள் முறுக்கப்படுவது போன்ற வேதனையும் தோன்றும்போது அது மாய உறுப்பு வலி எனப்படும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், உறுப்பிழந்தோரில் 50 முதல் 80 விழுக்காட்டினர் இவ்வலியைத் தெரிவித்துள்ளனர். பெரும்பாலும் அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களிலேயே இது தொடங்குகிறது. சிலருக்கு நாளடைவில் குறைகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புரோய்ஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்து எழுதியுள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிச்சல், 1871இல் இந்நிலைக்கு 'மாய உறுப்பு' என்னும் பெயரை வழங்கினார். ஆயினும் நெடுங்காலம் இது மனக்கோளாறு என்றே பலரால் கருதப்பட்டது. நோயாளிகளும் பித்தர் என்ற பெயர் வந்துவிடுமோ என அஞ்சி வாய் திறவாதிருந்தனர். இன்றும் இவ்வச்சம் முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கூற இயலாது.

இவ்வலியின் தோற்றம் பற்றி அறிவியலார் ஒருமித்த கருத்துக்கு இன்னும் வரவில்லை. வெட்டுண்ட நரம்பு முனைகளும் அவற்றின் வேர்களில் உள்ள செல்களும் தாமாகவே குறிப்புகளை எழுப்புகின்றன. தண்டுவடம் கூருணர்வு நிலையை அடைகிறது. மூளையில் நீக்கப்பட்ட உறுப்புக்குரிய பகுதி தொடர்ந்து செயற்படுகிறது. இம்மூன்றும் பங்கு கொள்கின்றன எனலாம். கை இழந்த சிலருக்கு முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுகை தெரிவதைக் கண்ட டாக்டர் வி.எஸ். இராமச்சந்திரன், மூளையில் கைக்குரிய பகுதியை அண்டைப் பகுதிகள் ஆட்கொள்வதே காரணம் என்று 1990களில் கருதினார். இவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பின்னர் வந்த ஆய்வுகள் வேறு முடிவைக் காட்டின. கையை இழப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வில், கைக்குரிய மூளைப் படம் பெரிதும் மாறாமலே இருந்தது. விளக்கம் எதுவாயினும் ஒன்று ஐயத்துக்கு இடமற்றது: இவ்வலி கற்பனை அன்று, நரம்பு மண்டலத்தில் வேர்கொண்ட உண்மையான வலியே.

பிற நரம்புத் தொல்லைகள்

மேற்கூறிய இரண்டேயன்றி, எளிதில் தவிர்க்கத்தக்க வேறு சில இடர்களும் உண்டு. முழங்காலுக்குக் கீழ் கால் நீக்கப்பட்டவர்களுக்கு, முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பைச் சாக்கெட்டின் விளிம்பு அழுத்தக்கூடும். அவ்விடத்தில் சாக்கெட்டைச் சற்றே அகழ்ந்து இடம்விட்டால் தொல்லை நீங்கும்.

செயற்கைக்கால் கிடைக்கும்வரை ஊன்றுகோலை நம்பியிருப்போர், உயரம் மிகுந்த கோலை அக்குளில் தாங்கி உடலின் பாரத்தை அதன்மேல் சுமத்துவதுண்டு. இதனால் கையின் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிவிடும். காலை இழந்தவர் கையின் ஆற்றலையும் இழக்கும் நிலை இது. கோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்பதும், பாரத்தை உள்ளங்கைகளே தாங்க வேண்டும் என்பதும் கோலை வழங்கும் நேரத்திலேயே கற்பிக்கப்பட வேண்டியவை.

நீரிழிவு நோயாளிகளின் எஞ்சிய காலிலும் நரம்புக்கேடு இருப்பது பெரும்பான்மை. அக்காலையும் எஞ்சிய உறுப்பின் தோலையும் நாள்தோறும் கண்ணால் பார்த்து ஆராய்வது கட்டாயம். வலி தெரியவில்லை என்பது புண் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வலியைப் பகுத்தறிதல்

'கால் வலிக்கிறது' என்று நோயாளி கூறும்போது எந்தக் கால், எவ்விடத்தில், எப்போது என்னும் மூன்று கேள்விகள் எழுப்பப்படல் வேண்டும்.

1. எஞ்சிய உறுப்பில் ஒரே புள்ளியில், தட்டினால் மின்பாய்ச்சல் போல வலித்தால் நியூரோமாவை ஐயுறலாம். அவ்விடத்தில் உணர்வகற்றும் ஊசியைச் செலுத்தியதும் வலி மறைந்தால் ஐயம் வலுப்பெறும். ஒலி அலைப் படத்திலும் முடிச்சைக் காணலாம்.

2. இல்லாத பாதத்திலோ விரல்களிலோ, சாக்கெட்டை அணியாதபோதும் இரவிலும் வலித்தால் அது மாய உறுப்பு வலியாகும்.

3. செயற்கைக்காலை அணிந்தால் மட்டும் வலித்து, கழற்றியதும் தணிந்தால் சாக்கெட்டின் பொருத்தத்தை முதலில் ஆராய வேண்டும்.

4. காய்ச்சல், வீக்கம், சிவப்பு, சீழ் ஆகியவை இருந்தால் நோய்த்தொற்று. சிறிது தூரம் நடந்ததும் வலித்து, நின்றால் தணிந்தால் இரத்த ஓட்டக் குறைவு. இவ்விரண்டும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டியவை.

ஒருவருக்கே இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. சாக்கெட்டின் குறையை மாய வலி என்று எண்ணி மாத்திரை தருவதும், நியூரோமாவைச் சாக்கெட்டின் குறை எனக் கருதித் திரும்பத் திரும்பக் காலை மாற்றித் தருவதும் வீண் செலவில் முடியும்.

தடுப்பு அறுவை அரங்கிலேயே தொடங்குகிறது

உறுப்பு நீக்கம் எளிய அறுவை எனக் கருதப்பட்டு, பயிற்சி நிலை மருத்துவர்களிடம் ஒப்படைக்கப்படுவது வழக்கம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நரம்பு கையாளப்படும் முறை, நோயாளியின் எஞ்சிய வாழ்நாளைப் பாதிக்கவல்லது. ஒவ்வொரு பெரிய நரம்பையும் தனித்தனியே இனங்காண வேண்டும். மென்மையாக இழுத்து, கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, முனை தசைகளுக்கிடையே ஆழமாக உள்வாங்கும்படி விட வேண்டும். தழும்பு, எலும்பு முனை, துடிக்கும் இரத்தக்குழாய், பாரம் தாங்கும் இடம் ஆகியவற்றிலிருந்து அது விலகி நிற்றல் வேண்டும். உடலிலேயே பருமனான தொடை நரம்பு தனக்கென ஓர் இரத்தக்குழாயை உடையது ஆதலின், அக்குழாயைக் கட்டிய பின்னரே விட வேண்டும். இவற்றுக்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை, கவனமே தேவை.

அறுவைக்கு முன் கடும் வலியை அனுபவித்தோர்க்குப் பின்னாளில் மாய வலி வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் அறுவைக்கு முன்னும் பின்னும் வலியை நன்கு தணிப்பது மனிதநேயக் கடமையாகும். எனினும், முன்கூட்டியே வலியை அடக்குவதால் மாய வலியை முற்றிலும் தடுத்துவிடலாம் என்பது ஆய்வுகளால் உறுதிப்படவில்லை.

அண்மைக் காலத்தில் வெட்டிய நரம்புக்கு 'வேலை தரும்' முறை ஒன்று வளர்ந்துள்ளது. நரம்பின் முனையை, அருகிலுள்ள தசைக்குச் செல்லும் சிறு நரம்புக் கிளையோடு தைத்துவிடுகின்றனர். வளரும் இழைகள் முடிச்சாகச் சிக்காமல் தசையைச் சென்றடைகின்றன. செயற்கைக் கைகளை இயக்குவதற்காக அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் உருவான இம்முறையால் வலியும் குறைவது பின்னர் அறியப்பட்டது. 28 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஒப்பாய்வில், நரம்பைத் தசையில் புதைக்கும் பழைய முறையைவிட இம்முறையில் மாய வலி மிகுதியாகக் குறைந்தது. நுண்ணறுவைப் பயிற்சி இதற்குத் தேவை. ஆதலின் இது பெரிய மருத்துவமனைகளுக்கே தற்போது உரியதாகும்.

எளிய சிகிச்சை முறைகள்

காயம் ஆறியபின் எஞ்சிய உறுப்பைத் துணியால் தடவுதல், மெல்லத் தட்டுதல், பிசைதல், மீள்திறன் கட்டுத்துணியை முறையாகச் சுற்றுதல் ஆகியவை கூருணர்வைத் தணித்து, சாக்கெட்டைத் தாங்கும் வகையில் உறுப்பைப் பக்குவப்படுத்துகின்றன. இவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். நன்கு பொருந்திய செயற்கை உறுப்பை அணிந்து நடமாடுவதாலேயே சிலருக்கு மாய வலி குறைகிறது.

கண்ணாடிச் சிகிச்சை இத்துறையில் சிறப்பிடம் பெறத்தக்கது. டாக்டர் இராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய இம்முறையில், இரு கால்களுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று நிறுத்தப்படுகிறது. நலமான காலின் பிம்பம், இழந்த காலின் இடத்தில் தோன்றும். நோயாளி அதனைப் பார்த்தவாறே நலமான காலை அசைத்து, மாயக் காலையும் அவ்வாறே அசைக்க முயல்கிறார். முறுக்கிக்கொண்ட விரல்கள் விரிவதாகக் கண் காட்டும்போது வலியும் தளர்கிறது. வாஷிங்டன் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வில், 18 பேர் மூன்று குழுக்களாக நாள்தோறும் 15 நிமிடம் வீதம் நான்கு வாரம் பயின்றனர். கண்ணாடியைப் பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் பயின்றோரில் ஒருவருக்கும், மனத்தால் மட்டும் கற்பனை செய்தோரில் இருவருக்கும் குறைந்தது. இது சிறிய ஆய்வு; எல்லோருக்கும் இம்முறை பயனளிப்பதில்லை; இரு கால்களையும் இழந்தோருக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் ஒரு கண்ணாடியின் விலையில் தீங்கின்றிச் செய்து பார்க்கத்தக்க சிகிச்சை இதனைப்போல் வேறில்லை எனலாம்.

மருந்துகளைப் பொறுத்தவரை, சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் உதவுவதில்லை. இரவில் சிறிய அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவை நரம்பு வலிகளுக்குப் பயன்படுகின்றன. மாய உறுப்பு வலியில் அவற்றின் பயன் ஆளுக்காள் வேறுபடுகிறது. முதியோருக்கு இவை மயக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடும். செயற்கைக்காலுடன் நடக்கப் பழகுவோர் விழுந்துவிடாதபடி கவனம் தேவை. சிறுநீரகம் பழுதுற்ற நீரிழிவு நோயாளிக்குப் பின்னிரண்டின் அளவைக் குறைக்க வேண்டும். எனவே இவை மருத்துவரின் கண்காணிப்பிலேயே தரப்பட வேண்டியவை. நியூரோமா வலிக்குச் சாக்கெட்டை மாற்றியமைத்தல் முதற்படி. ஊசி மருந்து அடுத்தது. இவற்றால் தீராதபோதே மறு அறுவை.

மதிப்பீட்டு நெறிகளில் வலிக்கு உள்ள இடம்

ஊனத்தின் அளவை மதிப்பிடுவதற்காக மத்திய சமூக நீதி அமைச்சகம் 2001இல் வெளியிட்ட நெறிகளில், உறுப்பு நீக்கப்பட்ட மட்டத்துக்கு ஏற்ப விழுக்காடு வரையறுக்கப்பட்டது. மூட்டு விறைப்பு, நியூரோமா, நோய்த்தொற்று போன்ற சிக்கல்கள் இருப்பின் மொத்தம் 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கலாம் என்றும் அதில் கூறப்பட்டது. நரம்பு முடிச்சால் விளையும் துன்பம், உறுப்பின் இழப்போடு சேர்த்து எண்ணத்தக்க தனித்துன்பம் என்பதை அரசின் நெறியே ஏற்றுக்கொண்டது என்பது இதனால் பெறப்படுகிறது. ஆனால் நியூரோமாவைத் தட்டி அறியலாம். மாய உறுப்பு வலியை நோயாளியின் சொல்லைக் கொண்டே அறிய முடியும். கேட்கப்படாத வலி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வையும் நலவாழ்வையும் உரிமைகளாக நோக்குகிறது. வலியைக் கேட்டறிவதும் அவ்வுரிமையின் ஒரு பகுதியே ஆகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, செயற்கை உறுப்பு வழங்கும் ஒவ்வொரு மையத்திலும் முகாமிலும் பயனாளியின் பதிவேட்டில் வலிக்கென ஒரு பத்தி இருத்தல் வேண்டும். வலி உண்டா, எஞ்சிய உறுப்பிலா இல்லாத உறுப்பிலா, பூச்சியம் முதல் பத்துவரை எவ்வளவு என்னும் மூன்று குறிப்புகள் போதுமானவை.

இரண்டாவதாக, நியூரோமா இருப்பதை அறியாமல் காலைப் பொருத்துவதைத் தவிர்க்க, அளவெடுப்பதற்கு முன் எஞ்சிய உறுப்பைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் செயற்கை உறுப்பு வல்லுநரின் வழக்கமான பணியாக வேண்டும்.

மூன்றாவதாக, கால் வழங்கியபின் சில மாதங்கள் கழித்துப் பயனாளியை மீண்டும் சந்தித்தல் வேண்டும். எஞ்சிய உறுப்பு முதலாண்டில் சுருங்குவது இயல்பு. நன்கு பொருந்திய சாக்கெட் ஆறு மாதத்தில் தளர்ந்து, முன்பு அழுத்தப்படாத நரம்பை அழுத்தக்கூடும்.

நான்காவதாக, மாவட்ட மருத்துவமனையில் இயன்முறை மருத்துவருக்குக் கண்ணாடிச் சிகிச்சையில் பயிற்சியும், தீராத வலியுடையோரை மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பும் ஒழுங்கான வழியும் அமைதல் வேண்டும்.

ஐந்தாவதாக, இல்லாத கால் வலிப்பது இயற்கையே, அது மனப்பிறழ்வு அன்று என்னும் செய்தியை அறுவைக்கு முன்பே நோயாளிக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எடுத்துரைக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இவ்வைந்தனுள் எதுவும் பெரும் முதலீட்டை வேண்டுவதன்று. இழந்த உறுப்புக்கு ஈடாக ஓர் உறுப்பை வழங்கும் ஆற்றலை நாடு பெற்றுள்ளது. அவ்வுறுப்பை அணிந்து, வயலுக்கும் ஆலைக்கும் பள்ளிக்கும் வலியின்றி நடந்து செல்லும் நிலையைப் பயனாளி எய்தும்போதே அம்முதலீடு முழுப்பயன் தரும். வழங்கிய கால்களின் எண்ணிக்கையோடு, நடக்கும் கால்களின் எண்ணிக்கையும் நமது ஆண்டறிக்கைகளில் இடம்பெறல் வேண்டும்.